வீதி உப்பிலிருந்து நாயைக் காப்பது: ரொறன்ரோவில் முதற் குளிர்காலம் காணும் நாய்க்காரருக்கு

நவம்பர் முடிவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் நடைபாதையில் நறநறவென்று மிதிபடுவதில் பாதி பனி, பாதி உப்பு. உங்கள் காலில் தடித்த சப்பாத்து இருக்கிறது. நாய் வெறுங்காலோடு நடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் காலையே நக்குகிறது.

ஆபத்தை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டால் எதற்கு எவ்வளவு பயப்படுவது என்று தெளிவாகும். முதலாவது தோல்: உப்புக் கல் விரலிடுக்கில் சிக்கி வெட்டும், வெடித்த பாதத்தில் எரியும். இரண்டாவது வயிறு: கால் நக்கி உப்பு உள்ளே போகும். மூன்றாவது நஞ்சு: உப்புப் பையைக் கிழித்துத் தின்பது, கார் ரேடியேற்றர் திரவமான அன்ரிஃபிரீஸைக் குடிப்பது. முதல் இரண்டும் தினசரித் தொல்லை, ஒழுங்காகக் கழுவினால் தீரும். மூன்றாவது அரிது, ஆனால் உயிரை எடுக்கும். பலர் நடைபாதை உப்புக்கு நடுங்கிக்கொண்டு கராஜில் அன்ரிஃபிரீஸ் கானைத் திறந்தபடி விட்டு வைக்கிறார்கள். பயம் அங்கேதான் இருக்க வேண்டும்.

1. ஒக்ரோபரிலேயே நாயின் ஆவணக் கோப்பைத் தயார் செய்யுங்கள்

பனி விழுந்த பிறகு ஓடித்திரிந்தால் சப்பாத்து அளவும் கிடைக்காது, மிருக வைத்தியரிடம் நேரமும் கிடைக்காது. ஒக்ரோபர் நடுப்பகுதிக்குள் உங்கள் பகுதியில் ஒரு மிருக வைத்தியரிடம் நாயைப் பதிவு செய்து ஒருமுறை பார்க்கவிடுங்கள். ஏற்கெனவே கோப்பு உள்ள நாயென்றால் அவசரத்தில் தொலைபேசி எடுக்கும்போது பதில் வேகமாக வரும்.

கைத்தொலைபேசியில் ஒரு தனி அல்பம் திறந்து இவற்றைப் படமெடுத்து வையுங்கள்: நாய்விசர்த் தடுப்பூசிச் சான்றிதழ் (ஒன்ராறியோவில் 3 மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்க்கும் சட்டப்படி கட்டாயம்), நகரசபை அனுமதிப்பத்திர இலக்கம், நாயின் அண்மைய எடை கிலோவில், அது எடுக்கும் மருந்துகள், காப்புறுதி இருந்தால் அதன் இலக்கம். இவற்றில் எடைதான் முக்கியம். நஞ்சு பற்றிக் கேட்கும் எவரும் முதலில் கேட்பது அதைத்தான். வீட்டுத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியே ஒருமுறை ஏறி, வித்தியாசத்தைக் குறித்தால் போதும்.

இரவில் திறந்திருக்கும் அவசர மிருக மருத்துவமனை உங்கள் வீட்டிலிருந்து எத்தனை நிமிடம் என்று இப்போதே பாருங்கள். அவசரப் பிரிவில் பரிசோதனைக் கட்டணம் மட்டும் பெரும்பாலும் 150 முதல் 250 டொலர் வரை போகும். மருந்தும் தங்கவைத்தலும் வேறு. மனிதருக்கான ஒன்ராறியோ சுகாதார அட்டை இங்கே எதற்கும் உதவாது. சிகிச்சைக்கு முன்பே மதிப்பீட்டுத் தாள் தந்து முற்பணம் கேட்பார்கள், ஆகவே கடன் அட்டையில் இடம் வைத்திருங்கள். காப்புறுதி எடுப்பதென்றால் அதையும் ஒக்ரோபரில் எடுங்கள். ஒப்பமிட்ட நாளிலேயே பாதுகாப்புத் தொடங்காது. காத்திருப்புக் காலம் எத்தனை நாள், நஞ்சு உண்டது விபத்தில் சேருமா என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

2. வீதியில் கிடப்பது எந்த உப்பு

எல்லாவற்றையும் நாம் உப்பு என்றுதான் சொல்கிறோம். பையின் பின்பக்கத்தைப் படித்தால் ஐந்தாறு வேறு வேறு பொருட்கள்.

சோடியம் குளோரைட்டு நம் குசினி உப்பின் முரட்டு வடிவம். மலிவு என்பதால் நகரசபையும் கடைகளும் இதைத்தான் அதிகம் கொட்டுகின்றன. சுமார் −10 பாகை செல்சியஸ் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். இதிலிருந்து ஒரு விடயம் பிடிபடும்: −2, −3 பாகை நாளில் உப்புக் கரைந்து சேறாகி நாயின் காலிலும் வயிற்று மயிரிலும் ஒட்டும். −15 பாகை நாளில் உப்பு கரையாது. கரையவில்லையே என்று ஆட்கள் இன்னும் அள்ளி வீசுவார்கள், கூர்மையான கல்லாகவே அது கிடக்கும். முதல் வகை நாளில் கழுவுவதில் கவனம் வேண்டும், இரண்டாம் வகை நாளில் சப்பாத்தில் கவனம் வேண்டும்.

கல்சியம் குளோரைட்டு பெரும்பாலும் வெள்ளை உருண்டையாக இருக்கும். ஏறத்தாழ −25 பாகைக்குக் கீழும் உருக்கும். நீர் பட்டதும் சூடேறுவது இதன் குணம். ஈரக் கையால் அள்ளினால் உங்களுக்கே சுடும். ஈரமான பாதத்திலும் நாக்கிலும் அதே கதைதான். நாயிருக்கும் வீட்டு வாசலில் இதைப் போடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மக்னீசியம் குளோரைட்டு அதைவிடச் சாந்தமானது, ஏறத்தாழ −15 பாகை வரை பயன்படும். யூரியா தோலை அவ்வளவு எரிக்காது, ஆனால் −5 பாகையைத் தாண்டினால் பெரிய பலன் இல்லை. நக்கினால் எச்சில் வடிதல், வாந்தி வரலாம். கல்சியம் மக்னீசியம் அசற்றேற்று மென்மையானது, விலை கூடியது, இதுவும் கடுங்குளிரில் ஓய்ந்துவிடும்.

இனி முக்கியமான பொறி. பையின் முன்பக்கத்தில் நாய்ப் பாதப் படமும் ‘பெற் சேஃப்’ (செல்லப்பிராணிக்குப் பாதுகாப்பானது) என்ற சொல்லும் இருந்தால் அது ஆபத்தில்லாதது என்று எடுத்துவிடாதீர்கள். அந்தச் சொல் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. யூரியாவும் இருக்கலாம், மக்னீசியம் குளோரைட்டும் இருக்கலாம், பாதிக்கு மேல் சாதாரண உப்பே இருந்து மேலே எதையோ பூசியும் இருக்கலாம். பின்பக்கப் பொருட்பட்டியலைப் படியுங்கள். பட்டியலே இல்லாத பையை வாங்காதீர்கள். பச்சை, நீல நிறம் பார்த்தும் முடிவெடுக்க வேண்டாம். எங்கே தூவியது என்று தெரிவதற்காகவும் உப்புக்குச் சாயம் ஏற்றுகிறார்கள்.

பனி தொடங்குமுன்னே வீதியில் நீளமாக வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது முன்கூட்டித் தெளித்த உப்புக் கரைசல். காய்ந்து தூளாக இருக்கும். வானம் நீலமாக, நிலம் உலர்ந்து இருக்கும் நாளிலும் காலில் உப்பு ஏறுவது இதனாலும், முந்தின வாரத்து மீதியாலும்தான். பனி இல்லையே என்று கழுவாமல் விடும் நாள்தான் நாய் அதிகம் நக்கும் நாள்.

3. சப்பாத்து: அளவெடுத்து, பழக்கி, பிறகு வெளியே

சப்பாத்துத்தான் மிகச் சிறந்த பாதுகாப்பு. நாய்க்காரர் பலர் தோற்பதும் இங்கேதான். காரணம் இரண்டு: அளவு பிழை, பழக்காமல் மாட்டியது.

அளவெடுக்க ஒரு கடதாசியில் நாயின் முன்கால் ஒன்றை வைத்து, மற்ற முன்காலை மெல்லத் தூக்குங்கள். எடை முழுக்க இறங்கும்போதுதான் பாதம் விரியும். அகலமான இடத்தில் இரு பக்கமும் பென்சிலால் குறியுங்கள். நீளத்துக்கு, பாதத்தின் அடியிலுள்ள மென்மையான மெத்தைகளில் பின்னால் இருப்பதிலிருந்து நக நுனி வரை அளக்க வேண்டும். பின்காலையும் அப்படியே எடுங்கள். முன்பாதம் பெரும்பாலும் பெரிது, ஆகவே நான்கையும் ஒரே அளவில் வாங்கினால் பின்கால் சப்பாத்து பனியில் கழன்று விழும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியல் சொல்வதைக் கேளுங்கள். சில பெரிதை எடுக்கச் சொல்லும், சில சிறிதை.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று பலூன் போன்ற மெல்லிய றப்பர் உறை. 12 கொண்ட பொதி ஏறத்தாழ 20 முதல் 30 டொலர். கிழியும்வரை திரும்பத் திரும்பப் போடலாம். நிலம் நாய்க்கு உணரப்படுவதால் இதற்குச் சீக்கிரம் பழகும். குறை: குளிரைத் தடுக்காது, நெடுநேரம் போட்டால் பாதம் உள்ளே வியர்க்கும், இறுக்கமானால் இரத்தோட்டம் குறையும். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். மற்றது தடித்த அடியும் வெல்குரோப் பட்டியும் உள்ள துணிச் சப்பாத்து. நான்கு கொண்ட தொகுதி 40 டொலரிலிருந்து 100க்கு மேலும் போகும். பட்டியைப் பாதத்துக்கு மேலே கால் மெலியும் இடத்தில் கட்ட வேண்டும். உங்கள் ஒரு விரல் நெருக்கமாக நுழையும் இறுக்கம் சரி.

முதல் பெரிய பனிப்புயல் முடிந்ததும் நடுத்தர அளவுகள் கடையில் இல்லாமற் போகும். நவம்பர் நடுப்பகுதிக்குள் வாங்கி, விலைப்பட்டியலைப் பத்திரப்படுத்தி, வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பாருங்கள். வெளியே போட்டு அழுக்கானதை மாற்றித் தரமாட்டார்கள்.

பழக்க ஏறத்தாழ பத்து நாள் எடுக்கும். முதல் இரண்டு நாள் முன்கால் இரண்டுக்கு மட்டும், 2 நிமிடம், கையில் தின்பண்டத்தோடு. 3ஆம், 4ஆம் நாள் நான்கு காலுக்கும், 5 நிமிடம், வீட்டுக்குள் நடக்க விட்டு. நாய் காலை உயர உயரத் தூக்கிக் கோழி போல நடக்கும். சிரித்துக்கொண்டு சூழ நின்றால் அது மிரளும், கவனத்தைத் தின்பண்டத்துக்குத் திருப்புங்கள். 5ஆம் நாளிலிருந்து வாசல், முற்றம். 8ஆம் நாளுக்கு மேல் 10 நிமிட நடை. ஒவ்வொரு முறையும் கழற்றியதும் மயிரை விலக்கிச் சிவந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரல் நகம் உள்ள பக்கத்தில்தான் முதலில் உராயும்.

நகமும் மயிரும் இதோடு சேர்ந்தவை. நீண்ட நகம் றப்பரைக் கிழிக்கும். மெத்தைகளுக்கிடையில் வளர்ந்த மயிரில் பனி உருண்டை கட்டும், அந்த உருண்டைக்குள் உப்பு உறையும். மயிரை மெத்தை மட்டத்துக்கு வெட்டுங்கள், உள்ளே தோண்டி வெட்ட வேண்டாம். கத்தரிக்கோல் பயமென்றால் நாய் முடிதிருத்தும் கடையில் பாதமும் நகமும் மட்டும் செய்ய 20 முதல் 40 டொலர் கேட்பார்கள், ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை.

4. சப்பாத்தே வேண்டாம் என்னும் நாய்க்கு மெழுகு

சில நாய் என்ன செய்தாலும் சப்பாத்து ஏற்காது. அதற்குப் பாத மெழுகு. தேன்மெழுகு, தாவர மெழுகு கலந்த ரின் எந்தச் செல்லப்பிராணிக் கடையிலும் உண்டு. 60 கிராம் ரின் 20 டொலருக்கு அருகில், நடுத்தர நாய்க்குக் கிட்டத்தட்ட ஒரு குளிர்காலம் தாக்குப்பிடிக்கும். புறப்படுவதற்கு 5 நிமிடம் முன்னே, உலர்ந்த சுத்தமான பாதத்தில், மெத்தையிலும் விரலிடுக்கிலும் மெல்லிய படலமாகத் தேயுங்கள். மெழுகு உப்பை மட்டுப்படுத்தும், முழுக்கத் தடுக்காது. திரும்பி வந்ததும் கழுவியே ஆகவேண்டும். கழுவாமல் மறுநாள் மேலே பூசினால் முதல்நாள் உப்பைப் பாதத்தோடு சேர்த்து மூடிவிடுகிறீர்கள்.

நம் வீடுகளில் உடனே கை போவது தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குத்தான். வேண்டாம். நாய்க்கு அந்த ருசி பிடிக்கும், எண்ணெயை நக்கும்போது உப்பையும் சேர்த்து நக்கும். வஸ்லீன் வழுக்கும், மணலை ஒட்டவைக்கும், பத்து நிமிடத்தில் போய்விடும். அவசரத்துக்குப் போடலாம், பழக்கமாக்காதீர்கள்.

5. நடக்கும்போது

புறப்படுமுன் வீட்டில் தண்ணீர் குடிக்க விடுங்கள். தாகத்தோடு வெளியே போகும் நாய்தான் வீதியோரச் சேற்றுத் தண்ணீரை நக்கும். உருகும் நாட்களில் அந்தக் குட்டைகளில் உப்போடு கார் எண்ணெயும் ஜன்னல் கழுவும் திரவமும் கலந்திருக்கும். வீதியோரம் தள்ளிக் குவித்த பனியைத் தின்னவும் விடாதீர்கள்.

வாசற்படி, பஸ் தரிப்பிடம், கடை வாகனத் தரிப்பிடம் ஆகிய மூன்றிலும் உப்பு தடிப்பாகக் கிடக்கும். சிறிய நாயென்றால் அந்த இடங்களில் தூக்கிக்கொள்ளலாம். நகரப் பூங்காக்களில் குளிர்காலப் பராமரிப்பு இல்லை என்று பலகை வைத்த பாதைகள் உண்டு. உப்பு இல்லாததால் நாய்க்கு நல்லது, உங்களுக்கு வழுக்கும். நாயைப் புல்வெளிப் பனியிலும் உங்களை நடைபாதையிலும் வைத்து நடப்பது எல்லாவற்றிலும் எளிய வழி. ரொறன்ரோவில் நாய்க்கயிறு 2 மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது, இந்த நடைக்கு அது போதும்.

நாய் திடீரென்று நின்று ஒரு காலைத் தூக்கினால் இழுக்க வேண்டாம். குனிந்து விரலிடுக்கைப் பாருங்கள். ஒரு கல் அல்லது பனி உருண்டை இருக்கும், விரலால் பிடித்து உருக்கி எடுங்கள். பையில் ஒரு சிறு துவாயும் 250 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் போத்தலும் இருந்தால் நடுவழியில் கழுவித் துடைத்துக்கொண்டே போகலாம்.

விளக்குக் கம்பத்தையும் நடைபாதையில் பதித்த மின்பெட்டி மூடியையும் விலகி நடக்கப் பழக்குங்கள். உப்புச் சேறு மின்சாரத்தைக் கடத்தும். உள்ளே வயர் பழுதாகியிருந்தால் மேலே வரும் மின்னோட்டம் சப்பாத்துப் போட்ட மனிதருக்குத் தெரியாது, வெறுங்கால் நாயைத் தாக்கும். 2008–09 குளிர்காலத்தில் ரொறன்ரோவில் இப்படி நாய்கள் இறந்திருக்கின்றன. ஓரிடத்தில் நாய் காரணமில்லாமல் கத்தித் துள்ளினால் உடனே கயிற்றை இழுத்து அப்பால் கொண்டுபோய், நகரசபையின் தொலைபேசிச் சேவையான 311க்குச் சொல்லுங்கள். நீங்கள் அந்த மூடியைத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

6. கதவுக்குள் வந்த முதல் ஐந்து நிமிடம்

இந்த ஐந்து நிமிடத்தை ஒழுங்காகச் செய்தால் மேலே சொன்னதில் சிலவற்றைத் தவறவிட்டாலும் நாய் தப்பும். சாமான் எல்லாம் கதவடியிலேயே இருக்க வேண்டும். குளியலறைக்கு நடத்திப் போனால் போகும் வழியில் நக்கிவிடும், கம்பளத்திலும் உப்புப் பதிந்து அதையும் பிறகு நக்கும்.

தேவை: நாயின் கால் இறங்கும் அகலமான வாளி அல்லது பாதம் கழுவும் கோப்பை, இரண்டு துவாய், தண்ணீர் உறிஞ்சும் ஒரு பாய். வாளியில் 5 முதல் 7 சென்ரிமீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர். மணிக்கட்டில் ஊற்றினால் சூடும் குளிரும் தெரியாத பதம். விறைத்த பாதத்தைச் சுடுநீரில் வைத்தால் வலிக்கும், கொப்புளிக்கவும் கூடும்.

ஒவ்வொரு காலையும் 20 முதல் 30 விநாடி அமிழ்த்தி, விரலை விட்டு இடுக்குகளை அலசுங்கள். இரண்டு காலுக்குப் பிறகு தண்ணீரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பின்காலை உப்புத் தண்ணீரில் கழுவுகிறீர்கள். புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவிப் பழகிய நமக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது: வெடித்த பாதத்துக்கு உப்புத் தண்ணீரும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். சவர்க்காரம் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம், பாதத்தை உலர்த்திவிடும்.

அடுத்து வயிறு, தொடையின் உட்புறம், குட்டைக்கால் நாய்க்கு மார்பும் கூட. ஈரத் துவாயால் துடைத்து, உலர் துவாயால் ஒற்றுங்கள். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்து மணக்கத் தொடங்கும். அப்போது நாய் இன்னும் நக்கும், ஆட்கள் உப்பையே குற்றம் சொல்வார்கள். சப்பாத்துப் போட்டிருந்தாலும் பாதத்தைப் பாருங்கள், மேல்விளிம்பு வழியே சேறு உள்ளே போயிருக்கும். சப்பாத்தையும் அலசிக் காயவையுங்கள். கடைசியாகக் குடிக்க நல்ல தண்ணீர்.

மெத்தை வெடித்திருந்தால் இரவில், நாய் உறங்கப் போகும் நேரத்தில், பாத மெழுகையே பூசலாம். மனிதருக்கான கிறீம்களைப் பூச வேண்டாம். சிங்க் ஒக்சைட்டு உள்ள கிறீமும் வலி நீக்கும் ஜெல்லும் நக்கினால் நஞ்சு. நொண்டுகிறதே என்று பனடோலோ ஐபுபுரோஃபெனோ கொடுக்கவே கூடாது. இரத்தம் நிற்காவிட்டால், கொப்புளம் வந்தால், ஒரு நாள் கடந்தும் நொண்டினால் வைத்தியர்தான் பார்க்க வேண்டும்.

7. உங்கள் வாசலும் வீட்டுக்காரரும்

நிலக்கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பக்கவாட்டுப் படிதான் வழி. வழுக்கும் என்று வீட்டுக்காரர் அங்கே அள்ளிக் கொட்டுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, யாராவது விழுந்தால் பொறுப்பு அவருடையது. ஆகவே போடாதீர்கள் என்று கேட்காமல், மாற்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: “அண்ணை, எங்கட பக்கத்துப் படியை நான் விடியவே வழிச்சு விடுறன். உப்பும் நானே வாங்கி வைக்கிறன், இந்தப் பையிலை இருக்கிறதை மட்டும் போடுங்கோ.” சொன்னதை முதல் வாரம் தவறாமல் செய்து காட்டினால் பிறகு பிரச்சினை வராது. கொண்டோ அடுக்குமாடியில் என்றால் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தப் பொருள் பாவிக்கிறார்கள் என்று பெயர் கேளுங்கள். பெயர் கிடைத்தால் அந்த நிறுவனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளை இணையத்தில் எடுத்துக் கோப்பில் போடலாம்.

பனியை மிதிபடுமுன் வழித்தால் உப்பின் தேவை குறையும். மிதிபட்டு இறுகியதுதான் பனிக்கட்டியாகும். உப்புப் போட்டே ஆகவேண்டுமென்றால் 350 மில்லிலீற்றர் கோப்பி மக் ஒன்று நிறைய, நடைபாதைச் சதுரம் பத்துக்குப் போதும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி தெரிய வேண்டும். உருகி முடிந்ததும் மிஞ்சியதைக் கூட்டி அள்ளுங்கள், அடுத்தமுறைக்கு உதவும். கடுங்குளிர் நாளில் உப்பை விட்டு மணல் அல்லது பொடிக்கல் தூவுங்கள். உருக்காது, ஆனால் பிடிப்புத் தரும். பூனைக் கழிவு மண்ணைப் போடுவது பலரின் யோசனை. களிமண்ணால் ஆன வகை ஈரத்தில் வழுவழுப்பான சேறாகிவிடும்.

உப்புப் பையை மூடியுள்ள வாளிக்குள், நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

8. கராஜ்: அன்ரிஃபிரீஸ்

கார் ரேடியேற்றர் திரவத்தில் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் இருக்கும். இனிப்பானது, நாய் விரும்பி நக்கும். கலக்காத திரவம் என்றால் நாயின் ஒரு கிலோ எடைக்கு 4.4 முதல் 6.6 மில்லிலீற்றர் கொல்லும் அளவு. 10 கிலோ நாய்க்கு அது 3 முதல் 4½ மேசைக்கரண்டி. கார் நின்ற இடத்தில் ஒழுகிய சிறு தேக்கமே அவ்வளவு இருக்கும்.

புரோப்பிலீன் கிளைக்கோலால் ஆன மாற்றுத் திரவம் நஞ்சு குறைந்தது. உங்கள் காருக்குப் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேட்டு மாற்றலாம். எதுவானாலும் ஒழுகினால் அன்றே துடையுங்கள்: களிமண் வகைப் பூனை மண்ணைக் கொட்டி உறிஞ்சவிட்டு அள்ளி, பிறகு தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்கவேண்டும். படிக்கு உதவாத அந்த மண் இதற்கு நன்றாக உதவும். குளிர்கால ஜன்னல் கழுவும் திரவத்தில் மெதனோல் உண்டு, அதையும் பூட்டி வையுங்கள்.

அன்ரிஃபிரீஸ் நஞ்சு ஏமாற்றும் என்பதை நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். குடித்து அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் நாய் குடித்தவன் போலத் தள்ளாடும், வாந்தி எடுக்கும், நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கும். பிறகு தெளிந்ததுபோல் தோன்றும். சுகமாகிவிட்டது என்று நினைத்துப் படுக்கப் போவார்கள். அந்த நேரத்தில்தான் உடல் அதை வேறு நஞ்சாக மாற்றிச் சிறுநீரகத்தில் பளிங்காகப் படியவைக்கிறது. 36 முதல் 72 மணி நேரத்தில் சிறுநீர் நின்றுவிடும், அதன்பின் மீட்பது மிகக் கடினம். முறிமருந்து ஃபொமெப்பிசோல். 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல வாய்ப்பு, பிந்தப் பிந்த வாய்ப்புக் கரையும். செலவு ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகலாம். சந்தேகம் மட்டும்தான் என்றாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

9. விழுங்கிவிட்டால்

உப்பைப் பற்றி முதலில். நாயின் ஒரு கிலோ எடைக்கு 2 முதல் 3 கிராம் சோடியம் குளோரைட்டு உள்ளே போனால் நோய்க்குறி தொடங்கும், ஏறத்தாழ 4 கிராம் கொல்லக்கூடும். 5 கிலோ நாய்க்கு 10 முதல் 15 கிராம் என்பது ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. ஒரு நடைக்குப் பிறகு கால் நக்குவதில் இவ்வளவு போகாது. பையைக் கிழித்துத் தின்றால் போகும். வாந்தி, எச்சில் வடிதல், கடும் தாகம், தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று வளரும்.

செய்யவேண்டிய ஒழுங்கு இது. பொருளை அப்புறப்படுத்தி நாயின் வாயைத் துடையுங்கள். பையின் பின்பக்கத்தைப் படமெடுங்கள். எத்தனை மணிக்கு, அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதுங்கள். அளவு தெரியாவிட்டால் கூட்டியே சொல்லுங்கள். உடனே வைத்தியருக்கோ அவசர மருத்துவமனைக்கோ தொலைபேசி எடுங்கள். செல்லப்பிராணி நஞ்சு உதவிச் சேவையான பெற் பொய்சன் ஹெல்ப்லைன் 855-764-7661, அமெரிக்க விலங்குநல அமைப்பான ஏஎஸ்பிசிஏயின் நஞ்சுக் கட்டுப்பாட்டு நிலையம் 888-426-4435 இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும். இவை கட்டணச் சேவை, கடன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், ஓர் அழைப்புக்கு ஏறத்தாழ 100 அமெரிக்க டொலருக்குள். ஒரு வழக்கிலக்கம் தருவார்கள். அதை எழுதி மருத்துவமனையில் கொடுத்தால் உங்கள் வைத்தியரும் அவர்களிடம் பேசலாம். அன்ரிஃபிரீஸ் என்றால் மட்டும் இந்த வரிசையை விடுங்கள்: காரில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் இன்னொருவர் பேசட்டும்.

வாந்தி எடுக்கவைக்க உப்புக் கரைசல் ஊற்றுவது ஊரில் கேட்ட வைத்தியம். உப்புத் தின்ற நாய்க்கு அது இரண்டாவது நஞ்சு, மற்ற நாய்க்கும் அதுவே ஆபத்து. ஐதரசன் பெரொக்சைட்டும் வைத்தியர் எடைக்கு அளவு சொன்னால் மட்டும். கல்சியம் குளோரைட்டுப் போல எரிக்கும் பொருள் திரும்பி வரும்போது தொண்டையையும் எரிக்கும். தண்ணீரைச் சிறிது சிறிதாக வைக்கலாம். நடுக்கம் தொடங்கிவிட்ட நாய்க்கு வாயில் ஊற்றாதீர்கள். உடலில் உப்பை மெதுவாக இறக்க வேண்டும், அது மருத்துவமனையில் இரத்தம் பார்த்துச் செய்யும் வேலை.

10. ஏப்ரலில்

பனி உருகியதும் நடைபாதை விளிம்பிலும் புல் ஓரத்திலும் குளிர்காலம் முழுதும் சேர்ந்த உப்பும் மணலும் வெளியே வரும். ஒன்றிரண்டு நல்ல மழை பெய்யும்வரை கழுவும் பழக்கத்தை விடாதீர்கள். படியையும் வாசலையும் கூட்டி அள்ளுங்கள், கதவடிப் பாயையும் நாயின் படுக்கை விரிப்பையும் துவையுங்கள். மிஞ்சிய மெழுகு ரின்னை இறுக மூடி வைத்தால் அடுத்த பருவத்துக்கு ஆகும். றப்பர் உறைகளில் வெடிப்பு விழுந்ததை எறியுங்கள்.

பழைய அன்ரிஃபிரீஸை வடிகாலில் ஊற்றவோ குப்பையில் போடவோ கூடாது. ரொறன்ரோவில் நகரசபையின் ஒப்படைப்பு நிலையங்களில் வீட்டு நஞ்சுக் கழிவாக ஏற்பார்கள். இப்படியான கழிவு 10 முதல் 50 லீற்றர் வரை சேர்ந்திருந்தால் 311க்கு அழைத்து ‘ரொக்சிக் ரக்ஸி’ சேவையைக் கேளுங்கள், வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்வார்கள். அதுவரை கானைப் பெயர் எழுதி, மூடியை இறுக்கி, உயரத்தில் வையுங்கள்.